போர் போட்ட கதை

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு இன்ஜினை என்னென்ன வழியில் கெடுக்கலாம் என்று கேட்டால், மூச்சு விடாமல் வரிசையாகச் சொல்வேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட விஷயமில்லை. பங்காளிச் சண்டை நடக்கிற வீட்டில் எதிராளியின் நல்லது கெட்டது எல்லாம் நமக்கு அத்துப்படியாக இருக்குமே, அப்படித் தெரிந்துகொண்டது. அந்த வண்டி எனக்கு எதிராளி. வண்டிக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர்.

கல்யாணத்தின்போது அப்பா இரண்டு கொடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் மானாவாரி. நூறு சிசியில் ஒரு புது மோட்டார் சைக்கிள். நிலம் என் பெயரில், வண்டி அவர் பெயரில். வண்டியையும் அப்பா எனக்காகத்தான் வாங்கினார். நான் அப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. திங்கட்கிழமை விடியலில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஏறினால் சனிக்கிழமை மதியம்தான் இறங்குவேன். நாளுக்கு ஒரு பஸ். அதுவும் மழை பெய்தால் கோமுகி அணையோடு திரும்பிவிடும். "மாப்ள வண்டில கொண்டாந்து உட்டுட்டா நீ நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போயிடலாம்" என்பது அப்பாவின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. அவருக்கு மாப்பிள்ளையைத் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வருஷம் அந்த வண்டியில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு பேரையும் என் துணிப்பையையும் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு, இரண்டாவது கியரில் மலையேறும். சத்தம் கூட அடக்கமாக இருக்கும். சமவெளியில் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுத்தது. எப்படித் தெரியும் என்றால், மெக்கானிக் பாய் அளந்து காட்டினார். பெட்ரோல் டேங்கின் குழாயைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, அதில் கால் லிட்டர் ஊற்றி ஓட்டச் சொல்வார். பாட்டில் காலியாகி வண்டி நின்ற இடத்தில் மீட்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டி கடையிலிருந்து கிளம்பி, கிட்டத்தட்டத் தியாகதுருகம் கோட்டை மலை கண்ணுக்கு நேரே வரும்வரை ஓடியது. பாய் அன்றைக்குச் சொன்னது இன்னும் ஞாபகமிருக்கிறது. "ஒண்ணியும் நோண்டாதீங்க சார். இத்த இப்பிடியே உட்டா பத்து வருஷத்துக்கு உங்களக் கேள்வி கேக்காது."

நோண்டாமல் இருக்க என் வீட்டுக்காரரால் முடியாது. உரக்கடையில் வேலை. நாள் முழுக்க மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு வெளியே வந்ததும் வேகம் வேண்டும். சின்னசேலத்திலிருந்து அவருடைய தங்கை வீட்டுக்காரர் ஒரு தீபாவளிக்குப் புது வண்டியில் வந்தார். இரண்டு பேரும் தியாகதுருகம்வரை பந்தயம் விட்டிருக்கிறார்கள். இவர் தோற்றார். வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "பிக்கப் பத்தல." அதற்குப் பிறகு சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும், கடையில் முதலாளி திட்டினாலும், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த 'பிக்கப் பத்தல' ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் என் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பழைய திறந்த கிணறு இருந்தது. பங்குனி வந்தால் அடிப் பாறை தெரியும். மரவள்ளி வைப்போம், பாதி காயும். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போர் போட்டுக்கொண்டார்கள். சேலம் பக்கத்திலிருந்து லாரி வரும், இரண்டு நாள் காது கிழிய இரையும், மூன்றாம் நாள் அவர்கள் வயலில் தண்ணீர் பாயும். நானும் தினமும் சொல்வேன். நாமும் ஒரு போர் போட்டால் நெல்லே வைக்கலாம், என் தற்காலிகச் சம்பளத்தை நம்பிக் கிடக்க வேண்டாம். அவர் 'ம்' என்பார். அந்த 'ம்'முக்கு அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்.

"போர் போட்டுடலாம்னு பாக்கறேன். இப்பிடியே உட்டா சரிப்படாது."

நான் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"போடுங்க. எத்தினி நாளா சொல்லிகினு இருக்கேன்."

"நீயா?" என்று ஆச்சரியமாகப் பார்த்தார். "நீ திட்டுவியோன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குங்க திட்டப் போறேன். எங்க ஆளு பாக்கப் போறீங்க?"

"சேலத்துலதான். அவங்கதான் சுத்தமா போடறாங்க. கொஞ்சம் செலவு ஜாஸ்தி ஆவும்."

கையிலிருந்த வளையலில் இரண்டைக் கழற்றி அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "உன்ன மாதிரி பொண்டாட்டி யாருக்குக் கெடைக்கும்" என்றார். நானும் ஒரு முட்டாள், வெட்கப்பட்டேன்.

மறுநாள் அவர் சேலத்துக்குக் கிளம்பிவிட்டதால், நான் பஸ்ஸில் மலைக்கு ஏறும் வழியில் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அப்பா அடுத்த நாளே நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்திருக்கிறார். அந்த ஆள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்து, வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது என்று சொல்லி, அங்கே சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். லாரி உள்ளே வரவேண்டுமே என்று அப்பா இருபது முழ முள்வேலியைப் பிடுங்கிவிட்டார். பிறகு அந்தச் சுண்ணாம்புக் குறிக்குப் பக்கத்திலேயே துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள். லாரி வருகிற சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்ப்பாராம்.

சனிக்கிழமை நான் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அப்பா வந்து காத்திருந்தார். வேலி இல்லாததால் ஊர் மாடெல்லாம் மேய்கிறது, லாரி எப்போது வரும் என்று கேட்க வந்திருக்கிறார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருமுனையில் ஒரு சத்தம். டப்பாவுக்குள் கருங்கல்லைப் போட்டு உலுக்கினால் எப்படி இருக்கும், அந்தச் சத்தம். எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. அவர் வந்து வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல், எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா கேட்டார். "மாப்ள, போர் போடறது இன்னா ஆச்சி?"

"போட்டாச்சி மாமா. நூறு சைஸ்."

"நூறு அடியா? நூறு அடியில தண்ணி வந்துடுச்சா?"

அவருக்குப் புரியவே இல்லை. "தண்ணியா? எதுக்கு மாமா தண்ணி?" என்றார்.

இது நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் சத்தியம் பண்ணுகிறார், அவர் முதலிலிருந்தே இன்ஜினைப் பற்றித்தான் பேசினாராம், நான்தான் கிணற்றை நினைத்துக்கொண்டேனாம். ஏமாற்றினார் என்றால்கூட மன்னித்திருப்பேன். ஏமாற்றுகிறவனுக்கு நம்முடைய ஆசை இன்னதென்று தெரிந்திருக்கும். இவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். போர் என்ற வார்த்தையைச் சொன்னபோது என் நிலம் அவர் நினைப்பிலேயே இல்லை. எனக்கு ஆறாதது அதுதான். அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனார். வேலியைத் திரும்பக் கட்ட அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் திங்கட்கிழமை மலைக்குப் போகாமல் நேரே மெக்கானிக் கடைக்குப் போனேன். பாய் எழுந்து நின்றார். "டீச்சரம்மா, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். சொன்னால் போதுமா, சிலிண்டரைக் கழற்றிச் சேலத்துக்குக் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்டேன். "நான் செய்யலன்னா வேற கடையில செஞ்சிக்குவாரு. அங்க இத்தவிட மோசமா பண்ணுவாங்க" என்றார். இந்தப் பதிலைச் சொல்லாத தொழில்காரனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னது இது. சிலிண்டர் தேய்ந்தால் உள்பக்கத்தை மெலிதாகக் குடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதுதான் போர். முதலில் இருபத்தைந்து சைஸ், அது தேய்ந்ததும் ஐம்பது, பிறகு எழுபத்தைந்து, கடைசியில் நூறு. அதற்குமேல் குடைய இரும்பு இல்லை. அதாவது ஒரு இன்ஜினுக்கு நான்கு தடவை மறுபிறப்பு உண்டு. எங்கள் வண்டி முதல் தடவைக்கே இன்னும் தேயவில்லை. இவர் நாலையும் ஒரே நாளில் செலவழித்துவிட்டார். பெரிய பிஸ்டன் போட்டால் சிசி ஏறும், வேகம் ஏறும் என்று யாரோ சொன்னதுதான் காரணம். அதோடு விடவில்லை. சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலை அரம் போட்டு அகலமாக்கியிருக்கிறார்கள். ஹெட்டை இழைத்துத் தட்டையாக்கியிருக்கிறார்கள், உள்ளே அழுத்தம் ஏறட்டும் என்று. பெட்ரோல் தாராளமாக இறங்கட்டும் என்று கார்புரேட்டரில் பெரிய ஜெட். சைலன்சருக்குள் இருந்த தடுப்பை எல்லாம் வெட்டி எறிந்தாகிவிட்டது.

"இதனால இன்னா ஆவும்?"

"ரோட்ல நல்லா பறக்கும்மா. ஆனா வாசல் பெருசாயிடுச்சில்ல, எரியறதுக்கு முன்னாடியே பெட்ரோலு வெளிய ஓடிடும். மைலேஜு கம்மி ஆவும். சூடு ஜாஸ்தி ஆவும். சூடு ஜாஸ்தியானா ஆயுசு கம்மி."

"மலை ஏறுமா?"

பாய் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். "வேகமா போனாத்தான் இப்ப அதுக்கு பலம். மலையில எங்க வேகமா போறது?"

என் வீட்டுக்காரரை வண்டியோடு வரவழைத்து, கால் லிட்டர் பாட்டிலைத் தொங்கவிடச் சொன்னேன். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். தியாகதுருகம் சாலையில் முன்பு போன தூரத்தில் பாதியைத் தாண்டியதும் விக்கி நின்றது. கோட்டை மலை தூரத்தில் நீலமாக இருந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி, "எதிர்க்காத்து" என்றார். இலைகூட அசையாத மத்தியானம்.

அதற்குப் பிறகு மலையேறுவது தண்டனையாகிவிட்டது. முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வளைவுகளில் முதல் கியரில் அலறிக்கொண்டு போக வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆற வைக்க வேண்டும். கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து ஏறுகிற மலைப் பெண்கள், நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது எங்களைத் தாண்டிப் போவார்கள். "இன்னா டீச்சர், வண்டிக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பிள்ளைகள் நான் வருவதை இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டுவிட்டு ஒழுங்காக உட்கார்ந்துகொள்வார்கள். அந்தச் சைலன்சரால் விளைந்த ஒரே நன்மை அது.

அவரிடம் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் புருஷனிடம் பேசும்போது '-ங்க' போட்டுத்தான் பேச வேண்டும். அந்த '-ங்க'வை வைத்துக்கொண்டு என்னென்ன திட்ட முடியுமோ அத்தனையும் திட்டியிருக்கிறேன். இன்னொன்றும் செய்தேன். வீட்டில் இருந்தால் எது எப்போது பிஸ்டனாக மாறும் என்று தெரியாதே. மிச்சமிருந்த இரண்டு வளையல், நிலப் பத்திரம், என் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, மலையில் என் அறையில் பூட்டி வைத்தேன். அதில் என் தப்பு இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஊருக்கு ஊர் கூட்டம், ஊர்வலம். பிறகு ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் நான் மலைக்கு ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை தபாலில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நிரந்தர ஆசிரியர் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. அசல் சான்றிதழ்களோடு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கடலூர் அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும். வராதவர்கள் பெயர் நீக்கப்படும்.

கிணற்றில் தண்ணீர் இல்லை, நிலத்தில் மரவள்ளிகூட இல்லை. எனக்கு என்று இருந்தது அந்தப் பட்டியலில் இருந்த பெயர் ஒன்றுதான். சான்றிதழோ மலையில், பெட்டிக்குள். பஸ் எல்லாம் நின்றுவிட்டது. பெட்ரோல் பங்குகளில் கயிறு கட்டிவிட்டார்கள். வண்டியில் ஐந்து லிட்டர் இருந்தது.

நான் கரும்பலகையில் கணக்குப் போடுகிறவள். மலைக்குப் போய் வர எண்பது கிலோமீட்டர். கடலூருக்கு நூற்றுப் பதினைந்து. பழைய வண்டியாக இருந்தால் நான்கு லிட்டரும் கொஞ்சமும். ஐந்தில் போய்ச் சேர்ந்துவிட்டு மிச்சமும் இருக்கும். இந்த வண்டிக்கு ஐந்து எந்த மூலைக்கு? அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் மெதுவா ஓட்டினா குடுக்கும்" என்றார். மெதுவாக ஓட்டுவதற்கா என் வளையலை விற்றீர்கள் என்று கேட்டேன். "இப்ப போய் அத்தப் பேசிகினு" என்றார்.

மலைப் பாதையில் மறியல் இல்லை. புதன்கிழமை மலைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு மதியம் திரும்பினோம். வீட்டு வாசலுக்கு வரும்போது பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பியாகிவிட்டது. அவர் சாயங்காலம் முழுக்க ஊரில் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு ஒரு லிட்டர் கொண்டு வந்தார். வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டு, பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

தியாகதுருகத்துக்கு முன்னாலேயே சாலையில் ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது. அடக்கமான வண்டி என்றால் வயல் வரப்பில் இறங்கிச் சத்தமில்லாமல் சுற்றிப் போயிருக்கலாம். சைக்கிள்காரர்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி வருவது அரை மைலுக்கு முன்பே கேட்டிருக்கிறது. நாங்கள் போவதற்குள் நாற்பது பேர் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் கோடாலி. என் வீட்டுக்காரர் வண்டியைவிட்டு இறங்கவேயில்லை. நான் இறங்கிப் போய்க் கடிதத்தை நீட்டினேன்.

"கடலூர் போவணுங்க. வேலைக்கு. இன்னைக்குத்தான் கடைசி."

கோடாலி வைத்திருந்தவர் கூலி வேலை செய்கிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. கடிதத்தை வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"வேலைக்கா போறம்மா?"

"ஆமாங்க."

"நாங்களும் அதுக்குத்தாம்மா ரோட்ல ஒக்காந்துகினு இருக்கோம்" என்றார். பிறகு திரும்பி, "புடிங்கப்பா" என்றார். ஆறு பேர் வந்து அந்த வண்டியை அலாக்காகத் தூக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்தார்கள். சூடான சைலன்சர் ஒருவருடைய முழங்கையில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. அவர் எச்சிலைத் தடவிக்கொண்டு, "போங்கம்மா, நேரத்துக்குப் போய்ச் சேருங்க" என்றார். அடுத்த மரத்திலும் இதேபோல்தான். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

தியாகதுருகத்தைத் தாண்டியதும், இருக்கிற பெட்ரோல் பாதி வழிகூட வராது என்று அவரே ஒத்துக்கொண்டார். சாலையோரம் ஒரு ஆள் பிராந்தி பாட்டிலில் பெட்ரோல் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்ததும் எனக்கு வாடை வந்துவிட்டது. மலையில் என் அறைக்கு மின்சாரம் கிடையாது. தினமும் லாந்தருக்கு ஊற்றுகிற கிருஷ்ணாயில் வாடை எனக்குத் தெரியாதா. "இதுல பாதி கிருஷ்ணாயிலுங்க" என்றேன். "உனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்" என்று இரண்டு பாட்டிலையும் வாங்கி ஊற்றினார்.

நான்கு மைல் ஓடியிருக்கும். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஆரம்பித்தது. பிறகு வேகம் குறைந்தது. அவர் இன்னும் முறுக்கினார். கிறீச் என்று ஒரு சத்தம், பின்சக்கரம் சறுக்கி நின்றது. உதைத்துப் பார்த்தார். கிக்கர் கல்லாகிவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது.

நேரம் ஒன்பதரை. கடலூருக்கு இன்னும் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நான் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாங்க, நடப்போம். வழியில எதுனா கெடைக்கும்" என்றேன்.

அவர் நகரவில்லை. வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிய நடுரோட்ல உட்டுட்டு எப்பிடி வர்றது? யாருனா தூக்கினு போயிட்டா?"

"இத்தயாங்க?"

"நீ முன்னாடி போய்க்கினு இரு. நான் இத்த எங்கயாவது பத்திரமா உட்டுட்டு வந்துடறேன்."

நான் பையோடு கிளம்பிவிட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை. எலவனாசூர்க்கோட்டைவரை நடந்தேன். அங்கிருந்து ஒரு பால்காரர் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து உளுந்தூர்பேட்டையில் விட்டார். அப்போதே மணி மூன்று. கூடப் படித்தவள் வீட்டில் தங்கி, மறுநாள் டிராக்டர், சைக்கிள், நடை என்று மாறி மாறிக் கடலூர் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. என் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

குமாஸ்தா பட்டியலைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"நேத்தே முடிஞ்சிடுச்சேம்மா."

"ரோடெல்லாம் மறியல் சார். பஸ்ஸே இல்ல."

"எல்லாருக்கும்தாம்மா மறியல். வந்தவங்க வந்தாங்களே. உங்க பக்கம், சங்கராபுரத்துலேர்ந்து ஒரு பொண்ணு, அவங்க அப்பாவோட மொபெட்ல வந்துச்சி. நேத்து மூணு மணிக்கே வந்து காட்டிட்டுப் போச்சி."

என் பெயருக்கு அடுத்த பெயர் அவளுடையது. இரண்டு மாதம் கழித்து என் பள்ளிக்கூடத்துக்கே நிரந்தர ஆசிரியையாக வந்தாள். நான்தான் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் அவள் கையில் கொடுத்தேன். அந்த மொபெட்டைப் பலாமரத்தடியில் நிறுத்தியிருந்தாள். ஐம்பது சிசி. கடையில் வாங்கியது வாங்கியபடி, ஒரு திருகாணிகூட யாரும் தொட்டிருக்கவில்லை. மலைமேல் மெதுவாகத்தான் வந்ததாம், நடுவில் ஒரு இடத்தில் மிதித்தாளாம், ஆனால் வந்துவிட்டது. கடலூருக்கு எவ்வளவு பெட்ரோல் ஆயிற்று என்று கேட்டேன். "ரெண்டு லிட்டர்கூட முழுசா ஆவலக்கா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கடலூரிலிருந்து திரும்பியபோது, என் வீட்டுக்காரர் வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பாய் அதைப் பிரித்தபோது நானும் போய் நின்றேன். பிஸ்டனின் தலையில் ஓட்டை. சிலிண்டரில் நகத்தால் பிராண்டியதுபோலக் கோடுகள். இனி குடைய இரும்பு இல்லை, பிளாக்கையே மாற்ற வேண்டும் என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"பழைய மாதிரியே இருந்திருந்தா, அந்தக் கலப்படப் பெட்ரோலுக்கு ஓடியிருக்குமா?"

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "பொக பொகயா உட்டுகினு போயிருக்கும்மா. ஆனா போய்ச் சேந்திருக்கும். ஹெட்ட இழைச்சதுனாலதான் அழுத்தம் தாங்காம ஓட்ட ஆயிடுச்சி. அப்பிடியே இருந்திருந்தா மொதல்ல இந்தப் பெட்ரோலே தேவப்பட்டிருக்காதே."

அதற்குப் பிறகு நான் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, அங்கேயே முடி நரைத்தேன். நிலத்தில் இன்றைக்கும் போர் கிடையாது. சுண்ணாம்புக் குறி போட்ட இடத்தில் ஒரு கருவேலம் முளைத்திருக்கிறது. இதையெல்லாம்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது ஒன்று உண்டு. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் முந்திக்கொண்டு ஒரு பதில் சொல்வார். "மறியல்ல போச்சிங்க. மரத்த வெட்டிப் போட்டுட்டானுங்க, போவ முடியல." முதல் தடவை அதைக் கேட்டபோது முழங்கை வெந்துபோன அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். தனக்கு இல்லாத வேலைக்காக ரோட்டில் உட்கார்ந்திருந்தவர், எனக்கு வேலை கிடைக்கட்டும் என்று அந்தப் பிசாசைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். அவர் தலையில் பழியைப் போட இவருக்கு வாய் கூசவில்லை.

போன வைகாசியில் எங்கள் மகளைப் பெண் பார்க்கச் சங்கராபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பையனின் அப்பா விவசாயி, நிதானமான மனிதர். பேச்சுவாக்கில் கேட்டார். "சம்பந்தியம்மா மலையில கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல இருந்தாங்கன்னு சொன்னாங்களே, ஏன் உட்டுட்டாங்க?"

"அது மறியல்ல..." என்று இவர் ஆரம்பித்தார்.

"இல்லைங்க" என்றேன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "போர் போட்டதுல போச்சிங்க."

என் வீட்டுக்காரர் தட்டில் இருந்த மிக்சரிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கத் தொடங்கினார். வந்தவருக்கு என்ன புரிந்ததோ, பெரிய நஷ்டம் ஒன்றைக் கேட்டவர்போல முகம் வாடிப்போனது. அவரும் போர் போட்டு ஏமாந்திருப்பார் போலிருக்கிறது.

"தண்ணி வரலையாம்மா?" என்று கேட்டார்.

"வரலைங்க" என்றேன்.